கையில் கட்டிய வாட்ச் எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது?

ஒரே நடைதான். வாட்ச் ஓர் எண்ணைக் காட்டுகிறது, பாக்கெட்டில் இருக்கும் போன் வேறோர் எண்ணைக் காட்டுகிறது. கூடவே நடந்தவரின் வாட்ச் இரண்டுக்கும் ஒட்டாத ஒரு கலோரிக் கணக்கைச் சொல்கிறது. எது சரி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: திரையில் தெரியும் எண்ணில் எவ்வளவு அளவீடு, எவ்வளவு ஊகம்?

ஃபிட்னஸ் வாட்சும் அதனுடன் வரும் ஆப்பும் சேர்ந்து ஏகப்பட்ட எண்களைக் காட்டும். அவற்றில் கருவி நேரடியாக உணர்வது மூன்று நான்குதான். மற்றதெல்லாம் அந்த மூன்று நான்கின் மேல் ஒரு சூத்திரத்தைப் போட்டு, அந்த விடையின் மேல் இன்னொரு சூத்திரத்தைப் போட்டு வருபவை. சென்சாரிலிருந்து எண் எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவுக்கு அதன் நம்பகம் குறையும்.

## உள்ளே இருக்கும் சென்சார்கள்

1. முடுக்கமானி. கை எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை மூன்று அச்சுகளில் உணரும் சிறிய சில்லு. போனிலும் இதுவே இருக்கிறது.

2. ஒளி சென்சார். வாட்சின் அடிப்பக்கத்தில் மினுக்கும் பச்சை விளக்கும், தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பிடிக்கும் உணரியும். சிலவற்றில் சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகளும் இருக்கும். அவை ரத்த ஆக்சிஜனைக் கணிக்க.

3. ஜிபிஎஸ் ரிசீவர். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்து இடத்தைக் கணக்கிடும். மலிவான பேண்டுகளில் இது இருக்காது, போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கிக்கொள்ளும்.

4. மின்முனைகள். விலை கூடிய வாட்சுகளில் மட்டும். விரலை வைத்தால் ஈசிஜி எடுக்கும்.

நாடித்துடிப்பு, ஸ்டெப்ஸ், தூரம் மூன்றும் சென்சாருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்கள். கலோரி இரண்டாம் படி. விஓ2 மேக்ஸ் (உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற கணக்கு), பயிற்சிச் சுமை, 'இன்று உடல் எவ்வளவு தயார்' என்று காலையில் காட்டும் மதிப்பெண் ஆகியவை மூன்றாம், நான்காம் படி.

## ஸ்டெப்ஸ்: எண்ணுவது கால் அல்ல, கை

நடக்கும்போது கை ஒரு சீரான தாளத்தில் ஆடும். முடுக்கமானியில் அது ஏறி இறங்கும் அலையாகப் பதிவாகிறது. அந்த அலையின் உச்சிகளைத்தான் மென்பொருள் எண்ணுகிறது. கால் எத்தனை முறை தரையைத் தொட்டது என்பது வாட்சுக்குத் தெரியாது.

அதனால் துணி துவைத்தாலும், குண்டும் குழியுமான சாலையில் பைக் ஓட்டினாலும் சில ஸ்டெப்ஸ் சும்மா ஏறும். டிரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாலோ, குழந்தையின் தள்ளுவண்டியைத் தள்ளினாலோ நடந்த நடை கணக்கில் வராது. பொய் எண்ணிக்கையைத் தவிர்க்கப் பல மென்பொருள்கள் தொடர்ச்சியாகச் சில ஸ்டெப்ஸ் வந்த பிறகே எண்ணத் தொடங்கும். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே நாள் முழுக்க நடப்பவரின் நடை இதில்தான் தொலைந்துபோகிறது. போனுக்கும் வாட்சுக்கும் எண் ஒத்துப்போகாததற்குக் காரணமும் எளிது: ஒன்று இடுப்பருகே இருக்கிறது, மற்றது மணிக்கட்டில். வேறு வேறு அசைவு, வேறு வேறு மென்பொருள்.

அப்புறம், நாளுக்குப் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் என்ற அந்த இலக்கு. அது மருத்துவ ஆய்விலிருந்து வந்தது அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடைப்பயிற்சி மோகம் கிளம்பியபோது, 1965ல் ஒரு நிறுவனம் 'மான்போ-கெய்' என்ற பெயரில் இடுப்பில் மாட்டும் ஸ்டெப் எண்ணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயரின் பொருளே பத்தாயிரம் காலடி மானி. விளம்பரத்துக்கு வந்த முழு எண், ஆரோக்கிய விதியாக நிலைத்துவிட்டது. 2019ல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களை வைத்து வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 ஸ்டெப்ஸ் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிட்டது. வயதான பெண்களைப் பற்றிய ஆய்வு அது, இருபத்தைந்து வயதுக்காரருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் 6,000 நடந்துவிட்டு, இலக்கு வளையம் மூடவில்லையே என்று இரவு பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் சுற்றி வர வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு இது போதும்.

## நாடித்துடிப்பு: பச்சை விளக்கு எங்கே ஏமாறும்?

ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களில் ரத்தம் கூடுகிறது, அப்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. துடிப்புக்கு நடுவில் ரத்தம் குறைய, ஒளி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும்.

உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஒரே சீராக நடந்தாலும் பெரும்பாலும் சரியாக வரும். சிக்கல் வரும் இடங்கள் இவை:

1. ஸ்டெப்பைத் துடிப்பாக எண்ணுவது. ஓடும்போது நிமிடத்துக்கு 160 முதல் 180 ஸ்டெப்ஸ் விழும். பட்டை தளர்வாக இருந்தால் கை அசையும் தாளத்தையே வாட்ச் துடிப்பாக எடுத்துக்கொள்ளும். ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே 170க்குத் தாவி, மெதுவாக ஓடினாலும் அங்கேயே நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

2. திடீர் ஏற்ற இறக்கம். முப்பது நொடி வேக ஓட்டம், முப்பது நொடி ஓய்வு என்று மாறி மாறிச் செய்யும் பயிற்சியில் வாட்ச் பின்தங்கிவிடும். அது உச்சத்தைக் காட்டும் நேரத்தில் நீங்கள் ஓய்வுக்கு வந்திருப்பீர்கள்.

3. எடை தூக்குவது. கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டுத் தசைகள் புடைத்து ரத்த ஓட்டம் மாறுகிறது. ஜிம்மில் எடை தூக்கும் நேரத்து எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. குளிர், பச்சை குத்திய தோல். குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறையும். அடர்ந்த மை ஒளியை மறைக்கும்.

தோல் நிறம் பற்றிய கேள்வி நமக்கு முக்கியம். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால் கறுத்த தோலில் வாட்ச் தப்பாகக் காட்டுமோ என்ற ஐயம் நியாயமானது. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட ஒப்பீட்டில், நாடித்துடிப்பைப் பொறுத்தவரை தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு வந்தது எந்தக் கருவி, என்ன அசைவு என்பதில்தான். ஆனால் ரத்த ஆக்சிஜன் கதை வேறு. அதே 2020ல், மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்களே கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மருத்துவக் கருவிக்கே இந்த நிலை என்றால், மணிக்கட்டில் இருக்கும் வாட்ச் சொல்லும் ஆக்சிஜன் சதவீதத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

துடிப்பு துல்லியமாக வேண்டுமென்றால் மார்புப் பட்டைதான் வழி. அது ஒளியை நம்புவதில்லை, இதயத்தின் மின் சமிக்ஞையையே தோலிலிருந்து பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982லேயே கம்பியில்லாத இதயத் துடிப்புமானியை விளையாட்டு வீரர்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டது. நாற்பது ஆண்டுப் பழைய நுட்பம்தான், இன்றும் பச்சை விளக்கைவிட நம்பகமானது.

## கலோரி: சரியான துடிப்பிலிருந்து தவறான கணக்கு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேரை வைத்து ஏழு கருவிகளைச் சோதித்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழில் ஆறு, நாடித்துடிப்பை 5 சதவீதத்துக்குக் குறைவான பிழையோடு அளந்தன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்ல கருவியின் சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதன் பிழை 93 சதவீதம்.

துடிப்பு சரியாக இருந்தும் கலோரி ஏன் தப்புகிறது? உடல் செலவழிக்கும் ஆற்றலை உண்மையில் அளக்க வேண்டுமானால், முகமூடி மாட்டி, உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்க வேண்டும். வாட்ச் அதைச் செய்வதில்லை. வயது, பாலினம், உயரம், எடை என்று நீங்கள் கொடுத்த தகவலோடு துடிப்பையும் அசைவையும் சேர்த்து, 'இப்படிப்பட்டவர் சராசரியாக இவ்வளவு எரிப்பார்' என்று சொல்கிறது. இதயம் வேகமாகத் துடிப்பது உழைப்பால் மட்டுமா? வெயில், காபி, மேலாளரின் போன் அழைப்பு, முந்தின இரவின் தூக்கமின்மை என்று எதனாலும் துடிப்பு ஏறும். போதாக்குறைக்கு, சும்மா இருந்தாலும் உடல் எரிக்கும் கலோரியைச் சில ஆப்கள் மொத்தத்தில் சேர்த்துக் காட்டும், சில தனியாகக் காட்டும். நண்பரின் எண்ணோடு உங்கள் எண் ஒத்துப்போகாததற்கு இது ஒன்றே போதும்.

இதன் விளைவு சாப்பாட்டு மேசையில் தெரியும். வாட்ச் 400 கலோரி என்கிறது. நல்ல கருவியின் சராசரிப் பிழையையே எடுத்துக்கொண்டாலும் உண்மை 290 ஆகவும் இருக்கலாம், 510 ஆகவும் இருக்கலாம். இடைவெளி சுமார் நான்கு இட்லி. 'எரித்த' கலோரியை நம்பிக் கூடுதலாகச் சாப்பிட்டால் எடை குறையாமல் நிற்பதில் வியப்பில்லை. எடைக் குறைப்பில் இத்தகைய கருவி எவ்வளவு உதவுகிறது என்று 471 இளைஞர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2016ல் வந்தது. எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல் தரப்பட்டது. கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், அணியாதவர்கள் 5.9 கிலோ. ஏன் இப்படி என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. கருவி கட்டினாலே எடை குறையும் என்ற எண்ணத்துக்கு மட்டும் அது இடம் கொடுக்கவில்லை.

## 220 கழித்தல் வயது

பயிற்சி செய்பவரை நேரடியாகத் தவறான பக்கம் தள்ளக்கூடிய எண் இதுதான். ஆனால் பெரும்பாலான வாட்சுகளில் இது திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

ஆப்கள் காட்டும் 'ஸோன்'கள், அதாவது லேசான, மிதமான, கடினமான பயிற்சி என்ற ஐந்து நிறப் பட்டைகள், உங்கள் அதிகபட்ச இதயத் துடிப்பின் சதவீதங்கள். அந்த அதிகபட்சம் என்ன என்று வாட்சுக்குத் தெரியாது. பெட்டியிலிருந்து எடுத்த புதிய வாட்ச் பொதுவாக 220லிருந்து வயதைக் கழித்து வைத்துக்கொள்ளும். 1970களின் தொடக்கத்தில், வெவ்வேறு ஆய்வுகளின் புள்ளிகளை ஒரு வரைபடத்தில் போட்டுப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகச் சொல்லப்பட்ட சூத்திரம் அது. 2001ல் தனாகாவும் சக ஆய்வாளர்களும் 208 கழித்தல் 0.7 பெருக்கல் வயது என்று திருத்தினார்கள். நாற்பது வயதில் இரண்டுமே 180 என்றுதான் சொல்லும். அறுபதில் பழையது 160, புதியது 166.

எந்தச் சூத்திரமானாலும் அது சராசரிக்குத்தான். ஒரே வயதுள்ள இருவருக்கு நடுவே நிமிடத்துக்கு 10, 12 துடிப்பு வேறுபாடு சர்வசாதாரணம். நாற்பது வயதான மூவரை எடுத்துக்கொள்வோம்:

1. உண்மையான உச்சம் 180 உள்ளவர். அவருடைய லேசான ஓட்டம், 60 முதல் 70 சதவீதம் என்று வைத்தால், 108 முதல் 126 வரை. வாட்ச் சொல்வது சரி.

2. உச்சம் 192 உள்ளவர். அவருக்கு 115 முதல் 134 வரை லேசானது. 130ல் நிம்மதியாகப் பேசிக்கொண்டு ஓடுவார், வாட்ச் 'வேகத்தைக் குறை' என்று அதிர்ந்துகொண்டே இருக்கும். சொல் பேச்சு கேட்பவரானால் ஓட்டத்தை நடையாக்கிவிடுவார்.

3. உச்சம் 168 உள்ளவர். அவருடைய லேசான எல்லை 118லேயே முடிந்துவிடுகிறது. 125ல் வாட்ச் பச்சை காட்டும். ஓய்வு நாள் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் உழைத்துக்கொண்டிருப்பார். மூன்றாம் வாரம் கால் கனக்கும், காரணம் புரியாது.

மூன்றாமவரின் நிலைதான் மோசம், ஏனென்றால் அவருக்கு எதுவும் தப்பாகத் தெரிவதில்லை. ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் தீவிரம். அந்த மாத்திரை துடிப்பையே அடக்கி வைக்கும், சூத்திரம் முழுதும் பொருந்தாமல் போகும்.

திருத்த வழி உண்டு. நன்கு பயிற்சி பெற்ற, இதய நோய் இல்லாத ஒருவர் 5 கி.மீ. போட்டியை முழு மூச்சாக ஓடி முடித்த கடைசி நிமிடத்தின் துடிப்பு அவருடைய உச்சத்துக்கு அருகில் இருக்கும். அதையும் மார்புப் பட்டை கட்டி எடுத்து, ஆப்பின் செட்டிங்ஸில் கையால் பதிய வேண்டும். மற்றவர்களுக்குப் பேச்சுச் சோதனையே போதும்: முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் கடினம்.

## விஓ2 மேக்ஸும் சென்னை வெயிலும்

ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ உடல் எடைக்கு, அதிகபட்சம் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடல் பயன்படுத்த முடியும் என்பதே விஓ2 மேக்ஸ். ஆய்வகத்தில் இதை முகமூடி மாட்டி, சோர்ந்து நிற்கும் வரை ஓடவிட்டு அளப்பார்கள். வாட்ச் வேறு வழியில் போகிறது: இந்த வேகத்தில் ஓடும்போது துடிப்பு உச்சத்தின் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறது. வேகமாக ஓடியும் துடிப்பு குறைவாக இருந்தால் திறன் அதிகம் என்று முடிவு கட்டுகிறது. பின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் நிறுவனம் இத்தகைய கணக்கீட்டில் பெயர் பெற்றது, 2020ல் வாட்ச் தயாரிப்பாளரான கார்மின் அதை வாங்கிவிட்டது.

யோசனை நல்லதுதான். ஆனால் இதற்கு மூன்று எண்கள் சரியாக இருக்க வேண்டும்: ஜிபிஎஸ் சொல்லும் வேகம், பச்சை விளக்கு சொல்லும் துடிப்பு, சூத்திரம் சொல்லும் உச்சம். மூன்றும் சரியாக இருந்தாலும் மே மாதம் ஒன்று இருக்கிறது. வெக்கையில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் திருப்பி விடப்படுகிறது, வியர்வையால் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடித்தே ஆக வேண்டும். கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாவதும் மெதுவாகத்தான் நடக்கும். வாட்ச் இதைத் 'திறன் குறைந்துவிட்டது' என்று வாசிக்கிறது. சில வாட்சுகள் வானிலையைப் பார்த்துத் திருத்திக்கொள்கின்றன, பல செய்வதில்லை. ஏப்ரலில் எண் சரிவதும், டிசம்பரில் ஏதும் செய்யாமலே ஏறுவதும் சென்னை ஓட்டக்காரர்களுக்கு இப்படித்தான் நேர்கிறது. எண் இறங்கியதே என்று வெயிலில் இன்னும் கடுமையாக ஓடுவது, இருப்பதிலேயே ஆபத்தான பதில்.

## காலை மதிப்பெண்

பயிற்சிச் சுமை, மீட்சி, தயார்நிலை ஆகியவற்றில் ஒவ்வொரு நிறுவனமும் தனிச் சூத்திரம் வைத்திருக்கிறது, பெரும்பாலும் முழுதாக வெளியிடுவதில்லை. இவற்றுக்கு அடிப்படை பெரும்பாலும் ஹெச்.ஆர்.வி., அதாவது துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லி நொடிகளில் எவ்வளவு மாறுகிறது என்பது. உடல் நிதானமாக இருக்கும்போது இந்த மாற்றம் பொதுவாகக் கூடும். காய்ச்சல், மது, கடும் பயிற்சி, தூக்கக் குறைவு இதைக் குறைக்கும். ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும் எண் என்பதால் நண்பரின் 70ஐயும் உங்கள் 35ஐயும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

தூக்கத்தின் படிநிலைகளைச் சரியாக அறிய மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்ய வேண்டும். வாட்ச் அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. மொத்தத் தூக்க நேரம் ஓரளவு சரியாக வரும். 'ஆழ்ந்த தூக்கம் 48 நிமிடம்' என்பதை அந்த அளவுக்கு நம்ப முடியாது. வாட்ச் தரும் தூக்க மதிப்பெண்ணைத் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களை மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கி, 2017ல் அந்த நிலைக்கு 'ஆர்த்தோசாம்னியா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பயிற்சிச் சுமையை அறியக் கருவியே வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டரின் முறை எளிது: பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். 40 நிமிடம், கடினம் 6 என்றால் சுமை 240. வாரக் கூட்டுத்தொகையைப் பார்த்து, திடீரென்று எகிறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

## எந்த எண்ணை எப்படி வைத்துக்கொள்வது?

தராசு எப்போதும் அதே ஐம்பது கிராம் கூட்டிக் காட்டினாலும், நேற்றைய எடைக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசம் சரியாகத்தான் வரும். வாட்சும் அப்படித்தான். ஒரே வாட்ச், ஒரே கை, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு, உங்களை உங்களோடு மட்டும் ஒப்பிட்டால் பிழையான எண்ணும் உதவும்.

1. காலையில் எழுந்ததும் இருக்கும் ஓய்வுத் துடிப்பு: மிகவும் பயனுள்ள எண். வழக்கமான அளவைவிடச் சில நாட்கள் தொடர்ந்து கூடியிருந்தால் சோர்வோ காய்ச்சலோ வரலாம், அன்று லேசாகச் செய்யுங்கள்.

2. ஸ்டெப்ஸ்: வாரச் சராசரியைப் பாருங்கள், ஒரு நாள் எண்ணை அல்ல.

3. தூரம், வேகம்: திறந்த வெளியில் நம்பலாம். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அடர்ந்த மரங்களுக்குக் கீழும் தடம் கோணலாகும். ஆண்ட்ராய்டு போனில் ஆப் பாதியில் நின்று வரைபடத்தில் நேர்க்கோடு விழுந்தால், பெரும்பாலும் பேட்டரி சேமிப்பு வசதிதான் அதைப் பின்னணியில் நிறுத்தியிருக்கும். அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

4. கலோரி: மறைக்க முடிந்தால் திரையிலிருந்து மறைத்துவிடுங்கள்.

5. விஓ2 மேக்ஸ்: போன ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

## தகவல் எங்கே போகிறது?

ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா ஆப் 2017 நவம்பரில், தன் பயனாளர்களின் ஓட்டத் தடங்களையெல்லாம் சேர்த்து ஒரு உலக வரைபடம் வெளியிட்டது. யாருடைய பெயரும் அதில் இல்லை. ஆனால் 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைக் கூர்ந்து பார்த்தபோது, பாலைவனங்களில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. காலையில் ஓடிய வீரர்கள் தங்கள் முகாமின் வரைபடத்தையே வரைந்து கொடுத்திருந்தார்கள். நம் நிலைமை ராணுவ ரகசியம் இல்லை, வீட்டு வாசல்தான்: தினமும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும் தடம், நாம் எங்கே இருக்கிறோம், எப்போது வீட்டில் இல்லை என்பதைச் சொல்லிவிடும். தொடக்க, முடிவு இடங்களை மறைக்கும் வசதி ஆப்பில் உண்டு, அதை நாம்தான் போய்ப் போட வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கேட்பதைக் கட்டாயமாக்குகிறது என்றாலும், உடல்நலத் தகவலுக்கென்று தனியாகக் கூடுதல் பாதுகாப்புப் பிரிவு அதில் இல்லை. 'சம்மதம்' பட்டனை அழுத்தும்போது இதை நினைவில் வைக்கலாம்.

## ஈசிஜி வாட்ச் மாரடைப்பைச் சொல்லுமா?

சொல்லாது. வாட்சின் ஈசிஜி ஒரே கோணத்திலிருந்து, ஒற்றை லீடில் எடுக்கப்படுவது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க அது உதவும், அதற்காகத்தான் அனுமதியும் பெற்றிருக்கிறது. மருத்துவமனையில் பன்னிரண்டு லீடுகள் வைத்து இதயத்தைப் பல கோணங்களில் பார்த்துத்தான் மாரடைப்பை ஆராய்கிறார்கள். தன் வாட்ச் மாரடைப்பைக் கண்டறியாது என்று ஆப்பிள் நிறுவனமே ஈசிஜி ஆப்பில் எழுதி வைத்திருக்கிறது. பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை என்று வந்தால், திரையில் 'சீரான துடிப்பு' என்று இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு 108ஐ அழைக்க வேண்டும்.